பொட்டு வெச்ச மிஷின்

எங்க ஊட்டுக்காரரு மூணு வருஷமா ரவுண்டானாவுல நின்னுட்டிருந்தாரு.

தப்புத்தண்டா ஒண்ணும் பண்ணல. பழைய இரும்புச் சாமான்ல ஒரு மிஷின் செஞ்சாரு. ரவுண்டானா நடுவுல இருக்கிற பீடத்துல நிக்க வெச்சா அது அழகா ஆடணும். அதுக்குன்னே செஞ்சது. பரிசோதனை அன்னைக்கு ஆடல. எங்க ஊர்ல பீடம் காலியா இருக்கக் கூடாது. மிஷின் ஆடலைன்னா செஞ்சவங்க ஏறி நிக்கணும். ஏறி நின்னாரு.

பீடத்துல நீலப் பெயிண்ட்ல ரெண்டு பாதம் வரைஞ்சிருக்கும். அதை விட்டுக் காலை எடுக்கக் கூடாது. கை, தலை, வாய் எல்லாம் அவரு இஷ்டம். சாப்பாடு நான் ஏணி வெச்சு ஏறிக் குடுப்பேன். தூக்கம் நின்னபடிக்கேதான்.

அதே ஊட்டு ஆளு மூணு வருஷத்துக்குள்ள இன்னொரு மிஷின் செஞ்சு, அதை ஒரு நிமிஷம் முழுசா ஆட வெச்சுட்டா நிக்கிற ஆளை எறக்கி விட்டுருவாங்க. இல்லைன்னா வெண்கலப் பெயிண்ட் அடிச்சுருவாங்க. அடிச்சுட்டா அவரு சிலை. சிலையை யாரும் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.

அந்த மூணு வருஷம் ஆயுத பூசை அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு முடியறதா இருந்துச்சு. என் மிஷின் அதுக்கு முந்தின நாளே ரெடி. எனக்குத் தலைகால் புரியல.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுறவ. பேரு வசந்தாமணி. பட்டறை ரவுண்டானாவுக்கு நேர் எதிர்ல. எரிஞ்சு போன மோட்டாரைக் கொண்டு வருவாங்க. பழைய கம்பியை உரிச்சுட்டுப் புதுசு சுத்திக் குடுப்பேன். ஆடுற மிஷின் செய்யறது என் வேலையே இல்ல. அவரை எறக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். ஆறு மாசத்துல அது என்னைப் புடிச்சுக்குச்சு. சோறு தண்ணி மறந்து போச்சு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன்.

சாமான் எல்லாம் சிக்கந்தர் பாயோட காயலாங்கடையில எடுத்தது. அந்தக் கடையில நாம போய்ச் சாமானைப் பொறுக்க முடியாது. ஒரு ஸ்டூல் போடுவாங்க. அதுல உக்காரணும். சாமானுங்க வந்து நம்மளைப் பாத்துட்டுப் போகும். புடிச்சிருந்தா கூட வரும்.

மூடின நூல் மில்லோட ஸ்பிண்டில் நாப்பதும் முதல் நாளே வந்துருச்சு. அதுங்களுக்குச் சும்மா இருந்து இருந்து வெறுத்துப் போயிருந்துச்சு. டவுன் பஸ் வைப்பர் பன்னெண்டு, ஒரு வாரம் யோசிச்சுட்டு வந்துச்சு. கரும்பு ஜூஸ் புழியற மிஷினோட பெரிய சக்கரம் என்னைச் சுத்தி ரெண்டு தடவை வந்துட்டு மடியில ஏறப் பாத்துச்சு. மொபெட் கிக்கர் மட்டும் வரவே மாட்டேன்னுச்சு.

"என்ன பாய், ஏன் வர மாட்டேங்குது?"

"காலமெல்லாம் உதை வாங்குனதுங்கக்கா. இனி வேண்டாம்னு இருக்கு."

"நான் மெதுவா உதைக்கிறேன்னு சொல்லுங்க."

பாய் குனிஞ்சு கிக்கர் காதுல சொன்னாரு. கொஞ்ச நேரம் கேட்டுட்டு நிமிந்தாரு.

"செருப்பில்லாம உதைப்பீங்களான்னு கேக்குது."

"உதைக்கிறேன்."

வந்துருச்சு.

மொத்தம் அறுபத்தி நாலு சக்கரம். கடைசியாச் சுத்த வேண்டியது ஒரு தையல் மிஷின் சக்கரம். சைக்கிள் செயின் ஒம்பது. கிக்கரை உதைச்சா ஜூஸ் சக்கரம் சுத்தணும், அது செயினை இழுக்கணும், செயின் மத்த சக்கரத்தையெல்லாம் தட்டி எழுப்பணும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஆட்டிப் பாத்துட்டேன். மொத்தமா ஆட்டிப் பாக்கல. பரிசோதனைக்கு முந்தி முழு ஆட்டத்தையும் பாத்துட்டா மிஷின் செல்லாதுன்னு விதி. அது எப்படி ஆடும்னு நெனைச்சு நெனைச்சே எனக்கு உடம்பெல்லாம் துடிச்சுது.

ஆயுத பூசை அன்னைக்குக் காலையில, மிஷின் ஆடுதான்னு பரிசோதிக்கிற அசைவு ஆபீசுக்குப் போனேன். அந்த ஆபீஸ் வருஷத்துல அந்த ஒரு நாள்தான் தொறக்கும். மத்த ஆபீசெல்லாம் லீவுங்கறதால அன்னைக்குத்தான் அவங்களுக்கு நாற்காலி கிடைக்கும்.

வெறுங்கையா போனா அந்த வராண்டா ஏழு அடி. கையில சாமான் இருந்தா நீளும். நான் ரேஷன் கார்டு, போட்டோ நாலு, எல்லாத்துக்கும் மூணு மூணு ஜெராக்ஸ் வெச்சிருந்தேன். வராண்டா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் போச்சு. உள்ளயே மினி பஸ் விட்டிருந்தாங்க. ஏறி உக்காந்தேன். பக்கத்துல ஒருத்தரு பீரோவோட உக்காந்திருந்தாரு. கெளம்பி ஒரு மாசம் ஆச்சுன்னாரு.

எனக்குப் பொறுமை இல்ல. ஜன்னல் வழியா ஜெராக்ஸை ஒவ்வொண்ணா வீசுனேன். ஒவ்வொண்ணுக்கும் வராண்டா கொஞ்சம் கொறைஞ்சுது. கடைசிப் போட்டோவை வீசுனப்போ பஸ் ஆபீசர் மேஜையில போய் முட்டி நின்னுச்சு.

ஆபீசர் பேரு ஆறுச்சாமி. அசைவு ஆய்வாளர். அந்த வெக்கையிலயும் ஸ்வெட்டர் போட்டிருந்தாரு.

"ஜெராக்ஸ்?"

"வழியில போட்டுட்டேனுங்க."

"நல்லது. இங்க வாங்கறதில்லை. பேரு?"

"வசந்தாமணிங்க."

"இருக்கறீங்களா?"

"இருக்கறேனுங்க."

"எத்தனை வருஷமா?"

"நாப்பத்தி ஆறுங்க."

"தொடர்ச்சியாவா, விட்டு விட்டா?"

யோசிச்சுப் பாத்தேன். "போன ரெண்டரை வருஷமாத்தானுங்க தொடர்ச்சியா."

அதை அப்படியே எழுதிக்கிட்டாரு. அடுத்த ஃபாரத்தை எடுத்தாரு.

"மிஷின் என்னது? பறவையா, மிருகமா, தலைவரா?"

"எதுவும் இல்லீங்க."

"எதுவும் இல்லாம எப்படி இருக்கும்?"

"இருக்குதுங்க. பன்னெண்டு அடி ஒசரம்."

"என்ன வேலை செய்யும்?"

"ஒரு வேலையும் செய்யாதுங்க. ஆடும்."

ஆறுச்சாமி பேனாவைக் கீழ வெச்சாரு. "நேர்ல வர்றேன். மூணரைக்கு. நாலு வரைக்கும் இருப்பேன். அப்புறம் பெயிண்டர் வேலையைப் பாப்பாரு."

திரும்பி வர்றப்போ வெறுங்கை. ஏழே அடி. ஒரே தாவுல வெளிய வந்துட்டேன்.

பட்டறைக்கு வந்து கழுவித் தொடைச்சுப் பூசையை ஆரம்பிச்சேன். பொரி கடலை, அவல், வாழைப்பழம் எல்லாம் படைச்சேன். ஸ்பேனர், ப்ளேயர், காயில் சுத்துற மிஷின்னு வரிசையா அடுக்கி விபூதி பூசிச் சந்தனம் குங்குமம் வெச்சேன். கை சும்மா பறக்குது. வாயில பாட்டு. ஸ்பேனர் முடிஞ்சு சுத்தியல், சுத்தியல் முடிஞ்சு டேபிள், டேபிள் முடிஞ்சு ஃபேன் ரெகுலேட்டர். அப்புறம் மிஷின்கிட்டப் போனேன். ஜூஸ் சக்கரத்துக்கு ஒரு பொட்டு. அடடா, என்ன அழகு! நாப்பது ஸ்பிண்டிலுக்கும் வெச்சேன். வைப்பருக்கு வெச்சேன். செயினுக்குக் கண்ணி கண்ணியா வெச்சேன். கிக்கருக்குப் பெருசா ஒண்ணு. கடைசியா வெளிய வந்து ஷட்டரை எறக்கி, அதுல மூணு பட்டை போட்டு நடுவுல குங்குமம் வெச்சேன்.

"எல்லாத்துக்கும் வெச்சுட்டியா?"னு ஷட்டர் கேட்டுச்சு.

ஷட்டர் எங்க நங்கையா. எங்க ஊட்டுக்காரரோட அக்கா, தெய்வாத்தா. தம்பி பீடத்துல ஏறுன நாள்ல இருந்து பட்டறை வாசலை விட்டு நகரல. போறவங்க வர்றவங்களையெல்லாம் நிறுத்தி என்ன ஏதுன்னு கேட்டுட்டிருந்தாங்க. போன ஆடி மாசம் பாத்தா ஷட்டராயிருந்தாங்க. பழைய ஷட்டர் துருப்புடிச்சுக் கெடந்ததால எனக்கு வசதியாப் போச்சு. தூக்குனா கடகடன்னு மேல போவாங்க. அதுல பாதி சத்தம் ஷட்டரோடது, பாதி என்னைத் திட்டுறது.

"வெச்சுட்டேனுங்க நங்கையா. ஒண்ணு விடல."

"மிஷினுக்கும்?"

"அதுக்குத்தான் நெறைய."

"அடி கூறு கெட்டவளே! பூசை போட்டு பொட்டு வெச்ச சாமானை நாளைக்குக் காலம்பற வரைக்கும் தொடலாமா? இன்னைக்கு நாலு மணிக்கு எதை ஆட்டப் போறே?"

பட்டறைக்காரி நான். வருஷா வருஷம் பூசை போடுறவ. பொட்டு வெச்சுட்டா ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கூடத் தொட மாட்டேன். அன்னைக்கு ஒரு நாள் தொடாம விட்டாத்தான் வருஷம் பூரா கை கொடுக்கும். அது எனக்குத் தெரியும். சந்தோஷத்துல மண்டையில உறைக்கல.

"அழிச்சுடட்டுங்களா?"

"வெச்ச பொட்டை அழிப்பாளா ஒருத்தி? வெளங்குமா குடும்பம்?"

"அப்ப தொறங்க, உள்ள போய் யோசிக்கிறேன்."

"எனக்கும்தானே வெச்சே? நானும் இன்னைக்கு வேலை செய்ய மாட்டேன்."

தம் கட்டிக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க.

மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டு ஏணி ஏறுனேன். பீடத்துக்குக் கீழ பெயிண்டர் வந்து உக்காந்துட்டாரு. வெண்கலப் பெயிண்ட் டின்னைத் தொறந்து குச்சியால கலக்கிட்டிருந்தாரு. ஒரு நப்பாசையில கேட்டேன்.

"ஏனுங்க, பிரஷ்ஷுக்குப் பொட்டு வெச்சுட்டீங்களா?"

"வெக்கலைங்கக்கா. வேலை இருக்குன்னு தெரியும். நாளைக்கு வெச்சுக்குவேன்."

விவரமான ஆளு. எனக்கு அந்த விவரம் இல்லாமப் போச்சே.

எங்க ஊட்டுக்காரரு சோத்தை உருட்டி வாயில போட்டாரு. பேரு நாச்சிமுத்து. அளந்துதான் பேசுவாரு. ஆனா ரவுண்டானாவுல போற வண்டியெல்லாம் அவருக்கு அத்துபடி. பின் டயர்ல காத்து கம்மி, சைடு ஸ்டாண்டை எடுங்க, துப்பட்டா சக்கரத்துல மாட்டப் போகுது பாப்பான்னு மேல இருந்து சொல்லிட்டே இருப்பாரு. மூணு வருஷத்துல அந்த ரவுண்டானாவுல ஒருத்தரும் விழல.

"முடிஞ்சுதா வசந்தா?"

"முடிஞ்சுதுங்க மாமா."

"எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்குங்க மாமா! வைப்பர் பன்னெண்டும் அப்படியே..." அதுக்கு மேல வரல.

அவரு கீழ எட்டிப் பாத்தாரு. "பெயிண்ட் கலர் ஒண்ணும் மோசமில்ல"ன்னாரு. "வெய்யிலுக்குச் சூடு ஏறும். அவ்வளவுதான்."

நான் ஏணியிலயே நின்னு அழுதேன். மிஷின் ஆடாமப் போனா இவரு போயிருவாரு. அதுவும் என் கையால வெச்ச பொட்டால. அழுதுட்டே அவரு வாயைத் தொடைச்சு விட்டேன்.

மூணரைக்கு ஆறுச்சாமி வந்தாரு. பட்டறை முன்னால நின்னாரு. ஊரே சுத்தி நின்னுச்சு. ஓரத்துல பஸ், ஆட்டோ, டெம்போ, டிராக்டர் எல்லாம் வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு, ஒவ்வொரு டயருக்கும் கீழ எலுமிச்சம்பழம் வெச்சு நல்ல நேரத்துக்குக் காத்துட்டிருந்துச்சு.

"மிஷின் எங்க?"

"உள்ள இருக்குங்க."

"ஷட்டரைத் தொறங்க."

"பொட்டு வெச்சாச்சுங்க. தொடக் கூடாதுங்க."

"மிஷினுக்கு?"

"அதுக்கும் வெச்சுட்டேனுங்க."

ஆறுச்சாமி ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஒரு வேலையும் செய்யாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. வேலை செய்யாததுக்கு எதுக்கு லீவு?"

நான் கூட்டத்தைப் பாத்தேன். கூட்டம் என்னைப் பாத்துச்சு.

"மணி மூணு நாப்பது"ன்னாரு. பெயிண்டர் ஏணியைப் பீடத்துல சாத்துனாரு. அது என்னோட ஏணி. பிரஷ்ஷை டின்னுல முக்கி எடுத்து, சொட்டுறதை ஓரத்துல வழிச்சு விட்டாரு.

அப்பத்தான் ஷட்டர்ல ஒரு விசும்பல் கேட்டுச்சு.

"வசந்தா"ன்னாங்க நங்கையா. அவங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "தம்பியை அப்படிப் பாக்க என்னால ஆகாது. வண்டிக்கும்தான் பொட்டு வெக்கிறாங்க. எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு அன்னைக்கே ஓட்டறாங்கல்ல? எனக்குக் கீழயும் ஒண்ணு வை."

ஐயோ சாமி! ஷட்டருக்குப் பொட்டு வெக்க வெளிய கொண்டு வந்த பூசைத் தட்டுல எலுமிச்சம்பழம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ஓடிப் போய் எடுத்துட்டு வந்து ஷட்டருக்கு அடியில வெச்சேன். நங்கையா ஒரு அமுக்கு அமுக்கிப் பழத்தை நசுக்கிட்டு, கடகடகடன்னு மேல போனாங்க. அன்னைக்கு ஒரு திட்டு கூட இல்ல.

மிஷினைப் பாத்ததும் கூட்டம் "அடேங்கப்பா!"ன்னுச்சு. உடம்பு பூரா பொட்டு வெச்சுக்கிட்டுக் கல்யாணப் பொண்ணாட்டம் நின்னுச்சு.

"ஐயா, இதுக்கும் பழம் வெச்சு ஓட்டலாமுங்களா?"

"வண்டிக்குத்தான் வழக்கம். சக்கரம் இருக்கா?"

"அறுபத்தி நாலு இருக்குங்க!"

"தரையைத் தொடுதா?"

"ஒண்ணும் தொடாதுங்க."

"பழத்தைச் சக்கரத்துக்குக் கீழ வெக்கணும். தரை இல்லாம கீழ ஏது?"

நான் கிட்டப் போய்க் காட்டுனேன். "இந்தச் சக்கரத்துக்குக் கீழ இந்தச் சக்கரம் இருக்குதுங்க. அதுக்குக் கீழ அது. எல்லாத்துக்கும் கீழ ஒண்ணு இருக்குதுங்க."

"எல்லாத்துக்கும் கீழ இருக்கிறதுக்கு?"

"அதுக்குக் கீழ மிஷின் நிக்கிற இந்தத் தகரமுங்க."

ஆறுச்சாமி குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. ஸ்வெட்டர் பொத்தானைக் கழட்டுனாரு. "கீழ இருக்கிறது கீழதான்"னாரு. "ஒண்ணுக்கு ஒரு பழம். அறுபத்தி நாலும் வெக்கணும். மணி மூணு நாப்பத்தி எட்டு."

அறுபத்தி நாலு பழத்துக்கு எங்க போறது? ஆயுத பூசை அன்னைக்குச் சாயங்காலம் எந்தக் கடையில எலுமிச்சம்பழம் இருக்கும்? நான் ரோட்டு நடுவுல நின்னு தலையில கை வெச்சுட்டேன்.

பீடத்து மேல இருந்து சத்தம் வந்துச்சு.

"ஏப்பா ஏழாம் நம்பரு! உன் பழத்தைக் குடு."

ஏழாம் நம்பர் பஸ் டிரைவரு அண்ணாந்து பாத்தாரு. "குடுத்தா நாளைக்குத்தான் வண்டியை எடுக்கணுமுங்கண்ணா."

"எடுக்காதே."

"சரிங்கண்ணா."

குனிஞ்சு நாலு பழத்தையும் எடுத்துட்டு வந்து என் முந்தானையில போட்டாரு. அப்புறம் ஆட்டோக்காரங்க வந்தாங்க, ஆளுக்கு மூணு. டெம்போ வந்துச்சு. தண்ணி லாரி வந்துச்சு. டிராக்டர்காரரு ரெண்டு சின்னது ரெண்டு பெருசு குடுத்தாரு. ஒரு காலேஜ் பொண்ணு ஸ்கூட்டியோட ரெண்டு பழத்தையும் குடுத்துட்டு, "அன்னைக்கு அந்த அண்ணன் சொல்லலைன்னா என் துப்பட்டா மாட்டியிருக்கும்"னா. பழம் குடுத்த வண்டியெல்லாம் பேச்சு மூச்சில்லாம நின்னுச்சு. ரவுண்டானாவுல ஒரு சக்கரம் கூட நகரல. அந்த ரோட்டுல காக்கா நடக்கிற சத்தத்தை நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

நானும் அந்தப் பொண்ணும் ஆட்டோக்காரங்களும் சக்கரத்துக்குச் சக்கரம் பழத்தைச் சொருகுனோம். யாரும் மிஷினைத் தொடல. பழத்தை மட்டும் புடிச்சு மெதுவா தள்ளி விட்டோம். விரல் படாம அறுபத்தி நாலு. என் நெஞ்சு அடிச்ச அடி எனக்கே கேட்டுச்சு. பயமா சந்தோஷமான்னு பிரிச்சுப் பாக்க நேரமில்ல.

"ஸ்டாப் வாட்சுக்கு ஊட்டுல பொட்டு வெச்சுட்டாங்க"ன்னாரு ஆறுச்சாமி. "வாயால எண்ணுறேன். அறுபது வரணும். மணி மூணு அம்பத்தி எட்டு."

செருப்பைக் கழட்டுனேன். கிக்கர் மேல காலை வெச்சேன். உதைச்சேன்.

ஒண்ணும் ஆகல.

மறுபடி உதைச்சேன். பெயிண்டர் ஏணியில ரெண்டு படி ஏறிட்டாரு.

"ஆடுறீ என் கண்ணு"ன்னேன். சத்தமாவே சொன்னேன். எவன் சிரிச்சா எனக்கென்ன? மூணாவதா முழு உடம்பையும் போட்டு உதைச்சேன்.

பச்சக்னு முதல் பழம் நசுங்குச்சு.

ஜூஸ் சக்கரம் ஒரு சுத்து வந்துச்சு. அது வேலை பாத்த கடை ஞாபகம் வந்துச்சோ என்னமோ, அடுத்த பழத்தை அது ஆசையாப் புழிஞ்சுது. செயின் இழுத்துச்சு. பச்சக், பச்சக், பச்சக்னு கீழ இருந்து மேல வரைக்கும் பழம் நசுங்கிட்டே போச்சு. சாறு எங்க மூஞ்சியெல்லாம் தெறிச்சுது. கண்ணு எரியுது. நான் மூடல. மூடுவேனா?

ஸ்பிண்டில் நாப்பதும் ஒரே நேரத்துல எந்திரிச்சுச் சுத்துச்சு. பஞ்சு இல்ல, ஒண்ணும் இல்ல, ஆனா ஒவ்வொண்ணுலயும் வெள்ளை வெளேர்னு நூல் ஏறிட்டிருந்துச்சு. நான் அப்படிச் செய்யவே இல்ல. வைப்பர் பன்னெண்டும் கை விரிக்கிற மாதிரி பட்டறைக்கு வெளிய விரிஞ்சு காத்தைத் தொடைக்க ஆரம்பிச்சுது. தொடைச்ச எடத்துல ஆகாசம் ரெண்டு மடங்கு நீலமா இருந்துச்சு. தொடைக்காத எடம் அழுக்காத் தெரிஞ்சுது. "அங்க, அங்க, மேல!"ன்னு நான் கத்துனேன். ஒரு வைப்பர் எட்டி அங்கயும் தொடைச்சுது.

அட சாமி, நானா செஞ்சேன் இதை! மூணு வருஷம் துணியைப் போத்தி வெச்சிருந்தேனே, உள்ள இதுவா இருந்துச்சு! ரோட்டுக்குப் பின்வாங்கி நின்னு வாய் விட்டுச் சிரிச்சேன். அழுதேன். ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. ஆறுச்சாமி எண்ணிட்டே இருந்தாரு. எழுவத்தி மூணு, எழுவத்தி நாலுன்னு காதுல விழுந்துச்சு. அந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம்னு நான் யோசிக்கல. எங்கேயோ ஏணி எறங்குற சத்தம். கூட்டத்துல யாரோ கை தட்டுனாங்க. நங்கையா மேல சுருண்டு கெடந்தபடியே ஓன்னு அழுதாங்க. எதுக்கு அழறாங்கன்னு திரும்பிப் பாக்கல. தையல் மிஷின் சக்கரம் இன்னும் ஆரம்பிக்கல. அது ஆரம்பிச்சா என்ன ஆகும்னு பாக்கணும் எனக்கு.

நூத்தி முப்பதுன்னாரு ஆறுச்சாமி. அவரும் நிறுத்தல.

தையல் சக்கரத்துப் பழம் லேசா பிதுங்குச்சு. இதோ, இதோ. அப்பப் பாத்து எவரோ எனக்கு முன்னால வந்து நின்னு மறைச்சாரு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது!"ன்னேன். கோவமாவே சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"னு கேட்டாரு.

"எந்தப் பக்கம் வேணும்னாலும்!"

அவரு கீழ குனிஞ்சு தன் காலைப் பாத்தாரு. கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் இடது பக்கமா ஒரு அடி எடுத்து வெச்சாரு. இன்னொரு அடி வெச்சாரு. பாதத்துக்குக் கீழ நீலப் பெயிண்ட் இல்ல, வெறும் ரோடுதான் இருந்துச்சு.

தையல் சக்கரம் சுத்த ஆரம்பிச்சுது. நான் கண்ணை எடுக்கல. கையை மட்டும் நீட்டி அவரு சட்டையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.